தடுப்புச்சுவர் கட்டுகிறீர்களா? துளைக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள்

குலசேகரம் பக்கம், சரிவான ரப்பர் விளையை (தோட்டத்தை) வெட்டி வீடு கட்டி, மண் சரியாமல் தாங்கத் தடுப்புச்சுவர் எழுப்பிய ஒருவர் ஏமாந்த கதை இது. ஒப்பந்தக்காரர் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்கிறவர்கள் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் வேறு பலரும் உண்டு.

பேசியது 40 அடி நீளம், 10 அடி உயரம், அடியில் 5 அடியும் மேலே 2 அடியும் அகலம், சிமென்ட் சாந்தில் கருங்கல் கட்டு. 1,400 கன அடி, பில்லும் அதற்கே. ஐப்பசி மழையில் நடுவில் 15 அடி நீளத்துக்குச் சரிந்தபோதுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. முகப்பில் ஒன்றரை அடிக்கு மட்டும் சாந்து வைத்த கட்டு, பின்னால் சும்மா கொட்டிய கல்லும் மண்ணும். கட்டியது 600 கன அடி. மேலே 2 அடி அகலத்தில் பெல்ட் கான்கிரீட் போட்டு மூடியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் வடிய பிவிசி துளைகளும் வரிசையாக அழகாக இருந்தன. உடைந்த இடத்தில் பார்த்தால் ஒவ்வொரு குழாயும் அரையடிதான். உள்ளே கல்லில் முட்டி நிற்கிறது.

அதுவரை எப்படி நின்றது? நம்மூர்ச் செம்மண்ணை ஜேசிபி வெட்டினால் செங்குத்தாகவே நிற்கும். "மண்ணே சொவரு மாதிரி நிக்குது, இதுக்கு எதுக்கு அஞ்சடி?" என்று ஒப்பந்தக்காரர்கள் கேட்பார்கள். காய்ந்திருக்கும்வரை அந்தப் பிடிப்பு உண்மைதான். நனைந்தால் போய்விடும். அதை நம்பாமல் கணக்குப் போட்டால், 10 அடி மண் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 2.7 டன் தள்ளும். பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கினால் அது 6 டன்னை நெருங்கும். ஒன்றரை அடிக் கட்டோ மீட்டருக்கு 3 டன் சொச்சம் எடைதான். அகலமும் குறைவு என்பதால் தண்ணீர் இல்லாத தள்ளலுக்கே கவிழும். போதாததற்குக் கூரைத் தண்ணீரையும் அந்த நிரப்புமண்ணிலேயே விட்டிருந்தார்கள். செப்டிக் டாங்கின் உறிஞ்சு குழியைச் சுவருக்குப் பின்னால் தோண்டுவதும் இதே தப்புதான்.

கருங்கல் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. மண் மோசமென்றால் 0.7 பங்கு வரை போகும். வானம் (அடித்தளக் குழி) தோண்டும்போது நிரப்புமண்ணைக் கடந்து வெட்டுப்படாத கெட்டி மண் வரும்வரை இறங்குங்கள். கல் வரிசையில், சுவரின் அகலம் முழுக்கப் போகும் நீளக்கற்கள் (அகலம் கூடினால் ஒன்றன்மேல் ஒன்று அரையடியாவது ஏறி நிற்கும் கற்கள்) முகப்பில் 5 சதுர அடிக்கு ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் முகப்பு தனியாகக் கழன்று விழும். சுவரை ஒட்டி ஒரு அடிக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுவது). 3 அங்குலக் குழாய் 5 அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக, ஜல்லி வரை போயாக வேண்டும். மண்ணை 8 அங்குல அடுக்குகளாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். லாரியிலிருந்து ஒரேயடியாகத் தள்ளிவிட்டுப் போக விடாதீர்கள்.

காசைக் காப்பாற்றுவது ஒரே விஷயம்: அகலத்தை அளந்து படம் எடுக்கும்வரை பின்பக்கம் மண் போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏற்கெனவே கட்டி முடிந்த சுவரா? ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை நுழையுங்கள். கீழ்வரிசையில் அரையடியில் முட்டினால் மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

வீட்டுக் கடைக்காலையும் பாருங்கள். நிரப்புமண்ணில் உட்கார்ந்த பில்லர், சுவர் அசைந்தால் தானும் இறங்கும். சுவரின் உயரம் அளவாவது தள்ளிப் போடுங்கள். இடமில்லையென்றால் பழைய மண் வரை ஆழமாக்குங்கள்.

குலசேகரம் சுவரில் மிச்சம் நிற்கும் 25 அடியும் அதே ஒன்றரை அடிக் கட்டுதான். சரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுத் தருவதாக அதே ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளக் கூடாது. முதலில் பின்மண்ணை மேலிருந்து கீழாக எடுத்துச் சுமையைக் குறைத்து, இடவப்பாதி மழைக்கு (ஜூன் தொடக்கம்) முன் முழுச் சுவரையும் பிரித்துக் கட்ட வேண்டும். அதுவரை கீழ்ப்பக்கம் ஆள் நடமாட்டம் வேண்டாம்.