வீடு தேடி வரும் நாய்ப் பயிற்சி: எட்டு வார அனுபவம்

எங்கள் நாய்க்கு மணி என்று பெயர். வாசலில் அழைப்பு மணி அடித்தால் உள்ளே இந்த மணியும் அடிக்கத் தொடங்கிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்லிவந்தோம். அது வளர்ந்து எடை கூடிய பின், ஒரு நாள் அது மேலே தாவியதில் வீட்டுக்கு வந்த முதியவர் ஒருவர் நிலைதடுமாறிச் சுவரைப் பற்றிக்கொண்டார். விளையாட்டு வினையானதை உணர்ந்து, வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கும் சேவை ஒன்றை அமர்த்தினோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், மொத்தம் எட்டு வாரங்கள்.

முதல் நாள் பயிற்சியாளர் நாயைத் தொடவே இல்லை. உணவு வைப்பவர் யார், எவ்வளவு நேரம் நடக்க அழைத்துச் செல்கிறோம், அது தாவும்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலியாலும் நாயின் குணம் மாறக்கூடும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். தாவினால் அதட்டித் தள்ளுவோம் என்று நான் சொன்னதற்கு, நாயைப் பொறுத்தவரை தள்ளுவது விளையாட்டு, அதட்டுவது கவனிப்பு, ஆகவே இரண்டுமே அதற்குப் பரிசுதான் என்றார்.

குரைப்பை அடக்க அவர் கையாண்ட வழி எளிமையானது. அழைப்பு மணியின் ஓசையைக் கைபேசியில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிட வேண்டும். நாயின் காது திரும்பி, வாய் இன்னும் திறக்காத அந்தக் கணத்தில் ஒரு துண்டுத் தீனி கொடுக்க வேண்டும். நான் பையில் கைவிட்டுத் தீனியை எடுப்பதற்குள் அது குரைத்து முடித்திருக்கும். குரைப்புக்கே பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன். எனவே பயிற்சி எனக்கு நடந்தது. அவர் ஒரு பந்தை நழுவவிடுவார். அது தரையைத் தொடும் கணத்தில் நான் "சரி" என்று சொல்ல வேண்டும். நாய் மூலையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, கட்டணம் கட்டியவன் பந்தைப் பார்த்துச் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தீனி வரப்போகிறது என்று நாய்க்குக் காட்டும் அடையாளமே அந்தச் சொல். ஆனால் அது எங்கள் வீட்டுத் தொலைபேசிப் பேச்சில் நாளெல்லாம் புழங்குவதால் நாய் குழம்பியது. பிறகு, அழுத்தினால் "கிளிக்" என்று ஒலிக்கும் சிறு கருவியான கிளிக்கருக்கு மாறினோம்.

"வீட்டில் யார் தலைவன் என்று காட்டு" என்று உறவினர்கள் சொன்ன அறிவுரையை அவர் ஏற்கவில்லை. அந்த அறிவுரைக்கு அடிப்படை, ஓநாய்க் கூட்டத்தைத் தலைமைப் போட்டியாகக் காட்டிய கருத்து. அது, பிடித்து அடைக்கப்பட்ட ஓநாய்களை வைத்து 1947-இல் வெளிவந்த ஆய்விலிருந்து கிளம்பியது. தம் 1970-ஆம் ஆண்டு நூலின் வழியே அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் தாமே எழுதித் திருத்தினார். கழுத்தை இறுக்கும் சங்கிலியோ மின்னதிர்ச்சிப் பட்டையோ எங்கள் வீட்டுக்குள் வராததற்காகவே இச்சேவைக்கு நன்றி சொல்வேன்.

என் மனக்குறை மூன்றாம் வாரத்தைப் பற்றியது. தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள்களில் தாவல் குறைவதற்குப் பதிலாக இரட்டிப்பானது. சட்டைக் கையைக்கூடக் கவ்வியது. இதுவரை பலித்த வழி திடீரெனப் பலிக்காமல் போகும்போது நாய் அதையே இன்னும் மூர்க்கமாக முயன்று பார்ப்பது வழக்கமான கட்டம்தான் என்பதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இரண்டு நாள் அழைத்தும் எவரும் எடுக்கவில்லை. அதற்குள் அப்பா மனமிரங்கித் தட்டிக்கொடுத்துவிட்டார். எப்போதாவது பலிக்கும் பழக்கம் எப்போதும் பலிப்பதைவிடப் பிடிவாதமானது என்பதால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பயிற்சி வேளையில் வீட்டிலுள்ள அனைவரும் இருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை விதித்திருக்க வேண்டும்.

செருப்பைக் கடிப்பதற்குச் சொன்ன தீர்வு, செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்பதே. இதற்கா கட்டணம் என்று எரிச்சல் வந்தது. ஆனால் அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. தனியே விட்டுச் சென்றால் ஊளையிடுவது மட்டும் குறையவில்லை. அதற்கு விலங்கு நடத்தையில் தேர்ந்த மருத்துவரைப் பாருங்கள் என்று அவர்களே ஒப்புக்கொண்டது நேர்மை.

இப்போது அழைப்பு மணி அடித்தால் இரண்டு முறை குரைத்துவிட்டுத் தன் விரிப்பில் போய் அமர்ந்து என் கையைப் பார்க்கிறது. தாவல், குரைப்பு, கடித்துக் குதறல் போன்றவற்றுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே மனிதரைக் கடித்த நாய் என்றால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றவர்கள், இரண்டு வருகைகளுக்கு இடையே சிக்கல் வந்தால் தொலைபேசியை யார் எடுப்பார் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.