குப்பைத்தொட்டி மூடியும் ஒரு கேடயம்தான்: மீண்டும் ‘கேப்டன் அமெரிக்கா’

பயிற்சி முகாமில் ஓட்டம். பாதி வழியில் ஒரு கொடிக்கம்பம். உச்சியில் இருக்கும் கொடியைக் கொண்டுவருகிறவன் ஜீப்பில் ஏறித் திரும்பலாம் என்கிறார் சார்ஜண்ட். 17 வருஷமாக ஒருத்தனும் அதை எடுத்ததில்லை. வாட்டசாட்டமான ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறப் பார்க்கிறார்கள், சறுக்கி விழுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு, மூச்சு வாங்கியபடி கடைசியில் நின்ற ஒல்லிப் பையன் கம்பத்தின் அடியில் குனிந்து முளையை உருவுகிறான். கம்பம் சாய்கிறது. கொடியை எடுத்து சார்ஜண்ட் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பின் பின்சீட்டில் போய் உட்காருகிறான்.

2011இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ தன் கையில் இருக்கும் கொடியை எப்படி நடத்தப் போகிறது என்பதை இந்த ஒரு நிமிடக் காட்சியே சொல்லிவிடுகிறது. ஆனாலும் கோலாலம்பூரில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, “அமெரிக்காக்காரன் பெருமையை நாம ஏன் உட்கார்ந்து பார்க்கணும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. படத்தை வெளியிட்டவர்களுக்கே அந்தத் தயக்கம் இருந்தது. ரஷ்யா, உக்ரேன், தென்கொரியா ஆகிய நாடுகளில் ‘கேப்டன் அமெரிக்கா’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ என்று மட்டும் போட்டு வெளியிட்டார்கள். மலேசியாவுக்கு முழுப் பெயரோடுதான் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒல்லிப் பையன்தான் ஸ்டீவ் ரோஜர்ஸ், பின்னால் கேப்டன் அமெரிக்கா ஆகப்போகிறவன். பட்டாளத்தில் சேர முடியாமல் மறுபடி மறுபடி திருப்பி அனுப்பப்படும் அவனிடம், நாஜிகளைக் கொல்ல ஆசையா என்று கேட்கிறார், சாதாரண உடம்பை மாவீரனின் உடம்பாக மாற்றும் மருந்தைக் கண்டுபிடித்த டாக்டர் எர்ஸ்கின். யாரையும் கொல்ல ஆசையில்லை, எளியவனை அடிக்கிறவனைக் கண்டால் பிடிக்காது, அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சரி என்கிறான் ஸ்டீவ். அந்த டாக்டரே ஒரு ஜெர்மானியர். நாஜிகள் முதலில் ஆக்கிரமித்தது தங்கள் சொந்த நாட்டைத்தான், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்று பின்னால் ஓர் இரவு ஸ்டீவிடம் சொல்வார். டாக்டராக வரும் ஸ்டான்லி டூச்சி இந்த வசனத்தைக் குரலை உயர்த்தாமல், பழைய வலி ஒன்றைச் சொல்வதுபோலச் சொல்கிறார். படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அவருடையது. அரை மணிநேரத்துக்குச் சற்று மேல்தான் திரையில் உயிரோடு இருக்கிறார், ஆனால் கடைசிக் காட்சிவரை அவர் நிழல் தெரிகிறது.

இன்னொரு குறை, நம் படங்களோடு வளர்ந்தவர்கள் சொல்வது. காலணியில் ஆரம்பித்து கேமரா மெல்ல மேலேறி, முகம் தெரியும்போது கொட்டகையே விசிலடிக்கும் அறிமுகத்துக்குப் பழகிய கண்ணுக்கு, நாயகன் முதல் அரை மணிநேரம் அடிவாங்கிக்கொண்டே இருப்பது சப்பென்றிருக்கிறது. பொறுமையாகப் பார்க்கச் சொல்வேன். சினிமா கொட்டகையில் போர்ச் செய்தி ஓடும்போது ஒருவன் சத்தம் போடுகிறான். வாயை மூடச் சொன்னதற்கு ஸ்டீவைச் சந்துக்குள் இழுத்துப் போய் அடிக்கிறான். ஸ்டீவ் குப்பைத்தொட்டி மூடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கிறான். அதுதான் அவனுடைய முதல் கேடயம். டாக்டரின் மருந்தால் உடம்பு மாறியதும் தெருவில் துரத்திப் போகும்போது டாக்சியிலிருந்து பிய்ந்த கதவைத் தூக்கிப் பிடிக்கிறான், அந்தக் கதவில் ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கும். அடுத்தது மேடை நாடகத்துக்காகச் செய்த முக்கோணக் கேடயம். நாலாவதாகத்தான் எல்லாருக்கும் தெரிந்த வட்டக் கேடயம் வருகிறது. இயக்குநர் ஜோ ஜான்ஸ்டன் இதை வசனத்தில் சுட்டிக்காட்டவே இல்லை. கவனித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் இந்த வரிசைதான் நாயகனின் உண்மையான அறிமுகம்.

முக்கோணம் வட்டமானதற்குக் காமிக்ஸிலேயே ஒரு காரணம் உண்டு. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய முதல் இதழில் கேடயம் முக்கோணமாகத்தான் இருந்தது. ‘தி ஷீல்ட்’ என்ற நாயகனை 1940லேயே கொண்டுவந்திருந்த இன்னொரு பதிப்பகம், அவன் மார்புக் கவசம்போலவே இருக்கிறது என்று ஆட்சேபித்ததால் இரண்டாவது இதழிலிருந்து வட்டமாக்கினார்கள். படத்தில் முக்கோணத்தை மேடைக்கும் வட்டத்தைப் போர்க்களத்துக்கும் பிரித்துக் கொடுத்தது அந்த வரலாற்றைக் கதையாகவே மாற்றிவிட்டது.

அந்த மேடைப் பகுதி இந்தப் படத்தின் உயிர். மருந்து வேலை செய்து உடம்பு வந்துவிட்டது, டாக்டர் சுடப்பட்டு இறந்துவிட்டார், இனி இன்னொரு வீரனை உருவாக்க முடியாது. இருக்கிற ஒருவனைச் சண்டைக்கு அனுப்பாமல், கொடி நிறத்தில் இறுக்கமான துணியை மாட்டி, ஆட்டக்காரப் பெண்களோடு ஊர் ஊராக, போர்ச் செலவுக்குப் பணம் திரட்டும் போர்ப் பத்திரம் விற்க அனுப்புகிறார்கள். முதல் நாள் மேடையில் வசனம் மறந்துவிடுமோ என்று கேடயத்தின் உள்பக்கம் தாளை ஒட்டிவைத்துக் குனிந்து படிக்கிறான். போலி ஹிட்லரை மேடையில் குத்திச் சாய்க்கிறான், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பாட்டுக்கு இசை ஆலன் மெங்கன். கேட்டதும் காலால் தாளம் போட வைக்கிற, வேண்டுமென்றே 1940களின் சாயலில் போட்ட மெட்டு. படத்தின் மற்ற பின்னணி இசை ஆலன் சில்வெஸ்ட்ரியுடையது. பிறகு இத்தாலியில் உண்மையான சிப்பாய்கள் முன்னால் அதே ஆட்டம். சேற்றில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்கள் தக்காளியால் அடிக்கிறார்கள், பெண்களைக் கூப்பிடு என்று கத்துகிறார்கள். கொடியை உடுத்துவது வேறு, கொடிக்காக நிற்பது வேறு என்பதை ஒரு தேசபக்திப் படமே இவ்வளவு தெளிவாகக் காட்டியது பெரிய விஷயம்.

ஹிட்லரைக் குத்தும் அந்தக் காட்சி முதல் இதழின் அட்டையிலிருந்து வந்தது. அட்டையில் 1941 மார்ச் என்று அச்சிட்டிருந்தாலும் இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா அப்போது போரில் இல்லை. சைமனும் கிர்பியும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், ஐரோப்பாவில் நடப்பது அவர்களுக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அந்த இதழ் வந்து ஒரு வருஷத்துக்குள், 1941 டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கும் முன்பே. டிசம்பர் 11இல் பினாங்கில் குண்டு, அடுத்த மாதம் 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

இங்கேதான் நம் வீடுகளில் உண்மையான மனக்குறை எழுகிறது. “ஜப்பான்காரன் காலம்” என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு, பசிபிக் போரின் வாசனையே இல்லாத இரண்டாம் உலகப்போர்ப் படம் பாதிப் படம்தான். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களும், தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களும் எங்கள் போர். ஓர் அமெரிக்கப் படம் அதைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் தான் எடுத்துக்கொண்ட ஐரோப்பியப் போரையாவது போராகக் காட்டியிருக்கலாம். வில்லன்களின் துப்பாக்கியிலிருந்து நீல ஒளி பாய்கிறது, சுடப்பட்டவன் புகையாகக் கரைந்துபோகிறான். ரத்தமில்லை, உடலில்லை, புதைக்க எதுவுமில்லை. சிறுவர்களும் பார்க்கும் தரச்சான்று வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், நாஜிகள் கிட்டத்தட்ட காணாமல் போய், ஹைட்ரா என்ற கற்பனைப் படை அவர்கள் இடத்தில் நிற்கிறது. ஹைட்ராவின் தலைவனாக வரும் ஹ்யூகோ வீவிங் முகமூடியைப் பிய்த்துச் சிவப்பு மண்டையோட்டைக் காட்டும் நொடி நன்றாகவே இருக்கிறது. அதன் பிறகு அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டாம் பாதியின் வேகம்தான் படத்தின் பெரிய பிழை. சிறைபட்டவர்களை மீட்டுக்கொண்டு முகாமுக்கு நடந்து வரும் காட்சிவரை ஒவ்வொரு படியும் நிதானமாக ஏறிய கதை, அதற்குப் பின் ஹைட்ராவின் தொழிற்சாலைகளை அடுத்தடுத்து அழிப்பதைச் சில நிமிடத் துண்டுக் காட்சிகளாக ஓட்டிவிடுகிறது. கூட வரும் வீரர்கள் ஐந்து பேரில் பாதிப் பேரின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. அதனால் ரயிலிலிருந்து ஸ்டீவின் நண்பன் பக்கி விழும்போது வரவேண்டிய துக்கம் பாதிதான் வருகிறது. நட்பு நமக்கு முதல் பாதியில் தெரிந்ததுதான், சேர்ந்து சண்டை போட்ட நாட்கள் தெரியவில்லை. நாயகன் பனியில் உறைந்து நம் காலத்தில் விழித்தாக வேண்டும், 2012இல் ‘அவெஞ்சர்ஸ்’ காத்திருக்கிறது, அதற்கான அவசரம் இது.

அந்த வீரர்களில் ஒருவன் ஜிம் மொரிட்டா. ஜப்பானிய முகம் கொண்ட அமெரிக்கச் சிப்பாய். கூண்டிலிருந்து வெளியே வரும்போது, இவனையுமா கூட்டிப்போகிறோம் என்கிற தொனியில் ஒருவன் கேட்க, கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டைத் தூக்கிக் காட்டி, நான் பிரெஸ்னோக்காரன் (கலிபோர்னியாவில் ஓர் ஊர்) என்கிறான். இங்கேயே பிறந்து வளர்ந்தும் “நீ எந்த ஊர்?” என்று கேட்கப்பட்ட யாருக்கும் அந்தத் தகடு எவ்வளவு கனம் என்று தெரியும். ஆனால் படம் இங்கேயும் சுலபமாகக் கடந்துவிடுகிறது. 1942இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோரை அதே அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. கறுப்பினச் சிப்பாய்களைத் தனிப் பிரிவுகளில் வைத்திருந்தது, அதை மாற்றும் ஆணை 1948இல்தான் வந்தது. ஒரு வசனம் போதும், அதைக்கூடச் சொல்லவில்லை.

ஒல்லி ஸ்டீவை எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் முதல் பாதி இன்னும் ருசிக்கும். பலரும் நினைப்பதுபோல வேறொருவர் உடம்பில், ஸ்டீவாக நடித்த கிறிஸ் இவான்ஸின் தலையை ஒட்டியது கொஞ்சம்தான். பெரும்பாலான ஷாட்டுகளில் இவான்ஸின் சொந்த உடம்பையே லோலா என்ற நிறுவனம் கணினியில் சுருக்கியது. ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது நாலு தடவை எடுத்தார்கள்: மற்ற நடிகர்களோடு இவான்ஸ், பச்சைத் திரை முன்னால் இவான்ஸ் தனியாக, இவான்ஸ் இல்லாமல் மற்றவர்கள், கடைசியாக அவர் அசைவை அப்படியே செய்துகாட்டும் ஒல்லி நடிகர் லியாண்டர் டீனி. தலை ஒட்டும் வேலை பெரும்பாலும் உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும் இடங்களுக்கு. பார்வைதான் சிக்கல். உடம்பைச் சுருக்கினால் கண்ணும் கீழே இறங்கிவிடும். அதனால் நெருக்கக் காட்சிகளில் மற்றவர்கள் இவான்ஸின் தாடையில் வைத்த குறியைப் பார்த்துப் பேசினார்கள், இவான்ஸ் அவர்கள் உச்சந்தலையில் இருந்த குறியைப் பார்த்தார். நிற்கும் காட்சிகளில் மற்றவர்களைப் பெட்டிமேல் ஏற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்டு டாக்டரும் ஸ்டீவும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் பாருங்கள். பார்வை பிசகவே இல்லை. பிசகுவது குரல்தான். அந்த ஒடுங்கிய மார்பிலிருந்து இவான்ஸின் கனத்த குரல் வருவது சில இடங்களில் காதுக்கு ஒட்டவில்லை.

கேடயத்திலும் இதே பொறுமை. அருகில் காட்ட அலுமினியம், தினசரிப் படப்பிடிப்புக்கு அலுமினிய முகமும் கண்ணாடியிழை முதுகும் கொண்ட இலேசான ஒன்று, சண்டைக்குப் பாலியூரித்தேன், முதுகில் மாட்டிக்கொண்டு விழுந்தாலும் அடிபடாமலிருக்க மிக மெத்தென்ற ஒன்று என நாலு வகை செய்தார்கள். பறந்து போய்ச் சுவரில் மோதித் திரும்புவது மட்டும் கணினி வேலை.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு: படம் 124 நிமிடம். முப்பரிமாணத்தைத் தேடவேண்டாம், எடுத்து முடித்த பிறகு மாற்றியது, கண்ணாடி போட்டால் ஹைட்ரா தொழிற்சாலைக் காட்சிகள் இன்னும் இருட்டாகும். தொலைக்காட்சியில் அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சுருக்கிய உடம்பின் ஓரங்கள் தனியாகத் தெரியும். நிறத்தைத் தூக்கிக்காட்டும் அமைப்பும் வேண்டாம், பழைய புகைப்படம்போல இருக்கவேண்டிய பழுப்பு ஆரஞ்சாகிவிடும். முந்தைய மார்வெல் படம் எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை, வரிசையில் ஐந்தாவதாக வந்தாலும் இது தனியாக நிற்கும். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் இரண்டு இடங்களில் கவனம்: முகத்தைப் பிய்த்தெடுக்கும் காட்சி, கடைசியில் ஒருவன் விமானக் காற்றாடியில் விழும் நொடி.

ஸ்டீவ் விரும்பும் பிரிட்டிஷ் அதிகாரி பெகி கார்ட்டரோடு வானொலியில் பேசியபடியே விமானத்தைப் பனிக்குள் இறக்கும் இடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அடுத்த சனிக்கிழமை நடனத்துக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் அறுந்துபோகும். பெகியாக வரும் ஹேலி அட்வெல் அந்த இடத்தில் கேமராவுக்காக அழவில்லை, பதில் வராத ஒலிபெருக்கியிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்.

படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது அந்தக் காலத்து அமெரிக்கப் போர்ச் சுவரொட்டிகள் ஒவ்வொன்றாக அசைந்து வரும், பின்னால் பித்தளை வாத்தியங்கள். ஆள் சேர்க்க விரல் நீட்டிக் கூப்பிடும் ‘அங்கிள் சாம்’ தாத்தாவும் அதில் உண்டு. முதல் பாதியில் ஸ்டீவைத் திருப்பி அனுப்பிய ஆள்சேர்ப்பு நிலையங்களை நினைவூட்டும் முகம் அது. அதற்கும் பிறகு வருவது அடுத்த படத்தின் விளம்பரத் துண்டு, அதைப் பார்க்காமல் போனால் ஒன்றும் நட்டமில்லை.