எடைக்கேற்ற தண்ணீர் சொல்லும் ஆப்: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

எடையைக் கொடுத்தால் தினம் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லும் ஆப்பைப் போட்டுக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

கிலோவுக்கு 30 முதல் 35 மில்லி என்ற கணக்கு பலருக்கும் தெரியும். 60 கிலோ என்றால் 1.8 முதல் 2.1 லிட்டர். கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. ஆப் அந்த அளவு முழுவதையும் வெறும் தண்ணீராகவே கேட்கிறதே, அதுதான் தீராத எரிச்சல். நமக்குச் சேரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாப்பாட்டிலிருந்தே வந்துவிடுகிறது. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர்தான். பால், டீ, காபி, சூப் எல்லாமே கணக்கில் சேரும். மருத்துவமனையில் குழாய் வழியாக உணவு செலுத்தும்போதுகூட, அந்த உணவில் இருக்கும் நீரைக் கழித்துவிட்டுத்தான் மீதித் தண்ணீரைத் தருவார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொன்ன அளவும் (பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர்) உணவில் உள்ள நீரையும் சேர்த்த மொத்தம்தான். இதைக் கேட்க ஆப்பில் ஒரு கட்டம்கூட இல்லை.

உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கணக்கு இன்னும் தப்பும். தசையில் முக்கால் பங்கு நீர். கொழுப்பில் அது மிகக் குறைவு. 100 கிலோ என்று போட்டால் ஆப் 3.5 லிட்டர் கேட்கும். உயரத்துக்கு ஏற்ற எடை 70 என்றால் அதைப் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

அளவுக் குளறுபடி வேறு. திரையில் இருக்கும் டம்ளர் படம் 250 மில்லி. வீட்டு டம்ளரில் விளிம்புக்குக் கீழே நிறுத்தி ஊற்றினால் பெரும்பாலும் 180 தான் பிடிக்கும். எட்டு முறை தட்டினால் ஆப்பில் 2 லிட்டர், வயிற்றில் 1.44 லிட்டர். சமையலறைத் தராசில் காலி டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு வழக்கம்போல ஊற்றுங்கள்; எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அந்த எண்ணை ஆப்பில் மாற்றிவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தீராதது இரவு அறிவிப்பு. ஒன்பது மணிக்கு "இன்னும் 900 மில்லி பாக்கி" என்று வரும். தயவுசெய்து அதற்குப் பணியாதீர்கள். விட்டதை ஒரேயடியாகக் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும், நள்ளிரவில் தூக்கமும் கெடும். சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். அதையும் மீறி மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்; தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களிடம் ஆப் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவு மட்டுமே அளவு.

நல்லதையும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிப் பகுதி அருமை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துப் போட்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துக் குடிக்கச் சொல்கிறது. சரியான முறை. இடையில் குடித்ததையும் கேட்டு வியர்வையைக் கணக்கிடுகிறது. தாக உணர்வு மங்கிப்போன முதியவர்களுக்குப் பகல் நேர நினைவூட்டலும் நிஜமாகவே உதவும்.

இவ்வளவு பாராட்டியும், நண்பருக்கு என் பதில்: வேண்டாம். 60 கிலோ எடை, வெயிலில் அலையாத வேலை என்றால் 750 மில்லி பாட்டிலை மாலைக்குள் இரண்டு முறை காலி செய்யுங்கள், மீதியைச் சாப்பாடும் மற்ற பானங்களும் பார்த்துக்கொள்ளும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். பி வைட்டமின் மாத்திரை போடுகிற நாளில் மட்டும் நிறத்தை நம்பாதீர்கள், எவ்வளவு குடித்தாலும் அது பளிச்சென்ற மஞ்சளாகத்தான் போகும்.