லாங் ரன்னுக்குத் தண்ணீர்: கை பாட்டில், இடுப்பு பெல்ட், வெஸ்ட் மூன்றிலும் ஓடிப் பார்த்தது

சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) காலை நாலேகாலுக்கு ஓடத் தொடங்கினால், நீலாங்கரை தாண்டி அக்கரை போகும்வரை திறந்திருப்பது ஒன்றிரண்டு டீக்கடைதான். இளநீர் வண்டி ஆறு மணிக்கு மேல்தான் வரும். முன்பெல்லாம் கடை வாசலில் தண்ணீர் பாக்கெட் கிடைக்கும், ஒன்றை வாங்கி முனையைக் கடித்துக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. தடை நல்லதுதான், அந்தக் காலத்துச் சாலையோரத்தைப் பார்த்த யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் நம் தண்ணீரை நாமே சுமந்துகொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது.

கை பாட்டில், இடுப்பு பெல்ட், வெஸ்ட் (மேல்சட்டை மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளும் ஓட்டப் பை) என்று மூன்றுக்கும் ஆறு வருடத்தில் காசு செலவழித்திருக்கிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. நான் பார்த்த குறைகளில் பெரும்பாலானவை அந்தந்த வகைக்கே உரியவை, எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் கூடவே வரும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று பாருங்கள். ஓடப் போகுமுன் துணியில்லாமல் எடை, ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து உடம்பைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடை. குறைந்த எடையோடு நடுவில் குடித்த தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கணக்கு. எனக்கு ஜனவரியில் மணிக்கு 800 மில்லி, ஏப்ரலில் 1.2 லிட்டர். அத்தனையையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை, வயிறும் தாங்காது. ஆனால் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு 500 மில்லி பாட்டில் ஒன்று போதாது என்பது இந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் எனக்கு உறைத்தது.

கை பாட்டில் விலை குறைவு. பட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கழுவுவதும் சுலபம். 12, 15 கிலோமீட்டர் வரைக்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன். அதைத் தாண்டினால் அரை கிலோ ஒரே கையில் தொங்குவது தோளில் தெரியும். நான் கை மாற்றி மாற்றிப் பிடித்தும் 20க்கு மேல் வலது தோள் மேலே ஏறிக்கொண்டு ஓட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அடுத்து வாங்கியது இடுப்பு பெல்ட், 200 மில்லி பாட்டில் நாலு செருகுகிற மாதிரி. தண்ணீர் நிறைந்திருக்கும்போது குலுங்கும். குலுங்குகிறதே என்று இறுக்கினால் வயிற்றை அழுத்தும், இரண்டாவது ஜெல் (ஓடும்போது சக்திக்காக விழுங்கும் இனிப்புக் கூழ்) உள்ளே போனதும் குமட்டும். தளர்த்தினால் மேலே ஏறி விலாவில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர் முடித்து வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் இடுப்பைச் சுற்றிலும் தோல் உரிந்திருப்பது தெரிந்தது. எரிச்சல் அடங்க நாலு நாள் ஆனது. பாட்டில் இல்லாமல் வெறும் எலாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு பெல்ட் விற்கிறார்களே, அது வேறு விஷயம். போன், இரண்டு ஜெல், வீட்டுச் சாவி எல்லாம் அசையாமல் உட்காரும். சென்னை மாரத்தான் மாதிரி வழியெல்லாம் தண்ணீர் கொடுக்கிற ஓட்டங்களுக்கு நான் அதை மட்டும்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.

இனி வெஸ்ட். ஆல்ப்ஸில் நடக்கும் யூடிஎம்பி போன்ற மலை ஓட்டங்களில் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர், விசில், உயிர்காப்புப் போர்வை, தலைவிளக்கு என்று கட்டாயப் பொருட்களின் பட்டியலே உண்டு. அத்தனையையும் சுமக்கத்தான் இந்த வெஸ்டுகளில் இவ்வளவு பாக்கெட். தார்ச் சாலையில் ஓடுகிற நமக்கு 10 லிட்டர், 12 லிட்டர் பை (தண்ணீர் அளவு அல்ல, பையின் கொள்ளளவு) தேவையில்லை, 5 லிட்டரே தாராளம். பெரிய பையில் பாதி காலியாகக் கிடந்தால் உள்ளே இருப்பது ஆடும். சுமை ஆடாமல் இருந்தால் கொஞ்சம் கூடுதல் எடையைக்கூட உடம்பு மறந்துவிடும் என்பது என் அனுபவம். வெஸ்டில் எனக்குப் பிடித்ததே அதுதான்: நெஞ்சில் இரண்டு பக்கமும் 500 மில்லி சாஃப்ட் ஃபிளாஸ்க் (மடங்கிச் சுருங்கும் மென்மையான பாட்டில்), ஆக ஒரு கிலோ, இரண்டு தோளிலும் சமமாக. குடிக்கக் குடிக்க ஃபிளாஸ்க் சுருங்கிக்கொள்ளும். நிரப்பி மூடியபின் நிமிர்த்திப் பிடித்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் களக் களக் சத்தமும் வராது.

வெஸ்டுக்கும் குறை உண்டு, முதலாவது சூடு. முதுகில் வலைத்துணிதான் என்றாலும் ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்க் காற்றில் வியர்வை காயாது, ஏப்ரல் மே மாதங்களில் முதுகு வெந்துபோகும். உள்ளே மெல்லிய டிசர்ட் போட்டுக்கொள்ளுங்கள், வெறும் உடம்பில் போட்டால் அக்குளும் கழுத்தோரமும் உரியும், வாஸ்லைன் தடவினாலும் 30 கிலோமீட்டர் வரை தாங்குவதில்லை. அளவு விஷயத்தில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஆன்லைனில் டிசர்ட் அளவை நம்பி வாங்கினேன், தளர்வாக வந்து சேர்ந்தது. மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்து அதற்குப் பொருந்துவதை எடுங்கள். முடிந்தால் டெக்கத்லான் மாதிரி ஒரு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள், ஆனால் காலியாக அல்ல. இரண்டு தண்ணீர் பாட்டிலை முன் பாக்கெட்டில் செருகி, நின்ற இடத்திலேயே ஐம்பது தடவை குதித்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு நம்முடையது.

முதுகில் பிளாடர் (தண்ணீர்ப் பை) வைத்து குழாயில் உறிஞ்சுகிற வகை சாலை ஓட்டத்துக்கு வேண்டாம். எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, நிரப்பப் பையையே கழற்ற வேண்டும்.

இரண்டு ஃபிளாஸ்க் இருப்பதில் இன்னொரு பெரிய நன்மை, ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்) வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியை 500 மில்லிக்குப் போட்டால் அளவு சரி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச் சத்து, ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. ஓட்டம் முடிந்ததும் எடை கூடியிருந்தவர்கள், அதாவது உடம்பு இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள்தான் பெரும்பாலும் அதில் சிக்கினார்கள். உப்புக் கலந்தாலும் அளவுக்கு மீறிக் குடித்தால் அந்த ஆபத்து போகாது, அதனால் தாகத்துக்குக் குடியுங்கள், கையில் தண்ணீர் இருக்கிறதே என்பதற்காகக் குடிக்காதீர்கள்.

மற்ற பொருட்கள் அதிகம் வேண்டாம். போன் கட்டாயம் ஜிப் கவருக்குள், ஏனென்றால் வெஸ்ட் பாக்கெட்டுக்குள் வியர்வை இறங்கி எனக்கு ஒரு போனே போயிருக்கிறது. நூறு ரூபாய்த் தாள் ஒன்று, காலை நாலரைக்கு டீக்கடைக்காரரிடம் யுபிஐ வேலை செய்யாமல் நின்ற நாட்கள் உண்டு. பெயர், ரத்தப் பிரிவு, வீட்டு நம்பர் எழுதிய சீட்டு. சாப்பிடக் கடலை மிட்டாய் வைத்துப் பார்த்தேன், கோவில்பட்டி மிட்டாய் எனக்கு உயிர், ஆனால் 25வது கிலோமீட்டரில் வாய் உலர்ந்திருக்கும்போது மென்று விழுங்க முடியவில்லை. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நாலு போதும்.

ஃபிளாஸ்க் வாங்கும்போது வாயைப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் வாய் உள்ளதில் ஓஆர்எஸ் பொடி பாதி வெளியே சிந்தும், கை உள்ளே போகாது. 42 மில்லிமீட்டர் வாய் என்றால் பொடியும் போடலாம், வழியில் கேனிலிருந்து நிரப்பவும் முடியும். வீட்டுக்கு வந்த உடனே கழுவிவிடுங்கள், மறுநாளுக்கு விட்டால் கடித்து உறிஞ்சும் வாய்ப்பகுதியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வாடை வந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா போட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே காயவே காயாது, அதனால் ஒரு மரக்கரண்டியை நுழைத்து நிறுத்திவைப்பேன். மழைக்காலத்தில் அதுவும் சரிவரவில்லை என்று இப்போது கழுவியதும் அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன், அடுத்த சனிக்கிழமை ராத்திரி எடுத்து வெளியே வைத்தால் காலை நாலு மணிக்கு நிரப்பத் தயாராக இருக்கும்.