சர்விஸுக்குக் கொடுத்த மெகர் உப்புப் பூத்து வந்தது: மட்டக்களப்பு வயரிங்காரர்கள் கவனிக்கவும்

மட்டக்களப்பு டவுனில் மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மெகர் (வயரின் மேலுறை வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) எல்லாம் திருத்தித் தருவதாகச் சொல்லும் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்தக் கடையில் யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

என் மெகரில் இருந்த குறை ஒன்றே ஒன்று: ரேஞ்ச் சுவிட்ச் சில நேரம் சரியாகப் பிடிக்காது. பற்றரிகளைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். கொடுக்க முன் பற்றரி மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளும் சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படமும் எடுத்து வைத்திருந்தேன். அப்போது ஐப்பசி கடைசி. 'இந்தக் கிழமை', 'அடுத்த கிழமை' என்று மாரி முழுக்க இழுத்து, பொங்கல் கழிந்த பிறகுதான் சாமான் கைக்கு வந்தது. பில்லில் சுவிட்ச் திருத்தம், போர்ட் சுத்தம், புது அல்கலைன் பற்றரி ஆறு என்று எழுதியிருந்தது. மெகரின் முதுகில் 'கலிபரேட் செய்யப்பட்டது', அதாவது அளவு சரிபார்த்தாயிற்று, என்று திகதியோடு ஒரு வட்ட ஸ்டிக்கர்.

கல்லடியில் ஒரு வீட்டு வயரிங்கைப் பார்க்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. 500 வோல்ட்டில் ரீடிங் குறைவாக வந்தது. 1 மெகாஓமுக்குக் கீழே போகவில்லைதான், ஆனால் புது வயருக்கு அந்த அளவு வரக் கூடாது. வீட்டுக்கார ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது. பைப்புக்குள் போட்ட வயரை எல்லாம் உருவ வேண்டி வருமோ என்று கேட்டார். வயரைத் தொட முன் மெகரின் லீட் (அளக்கும் கம்பி) இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று படாமல் காற்றில் பிடித்துப் பட்டனை அமத்தினேன். எதுவும் தொடாத லீட்டுக்கு மெகர் தன் உச்ச அளவைத் தாண்டிப் போய்விட்டதாகக் காட்ட வேண்டும். இது அறுபது மெகாஓம் அளவில் நின்றது. மத்தியானம் வெயில் ஏறிய பிறகு பார்த்தால் அதே காற்று பல நூறு மெகாஓம்! பழுது வயரில் இல்லை, பெட்டிக்குள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மூடியைத் திறந்தேன். ஆறு பற்றரியில் நான்கு ஒரு பெயர், இரண்டு வேறு பெயர். அந்த இரண்டின் உடம்பிலும் ஆர்6 என்று இருந்தது. அது பழைய கார்பன் சிங்க் ரகம். அல்கலைன் என்றால் எல்ஆர்6 என்று இருக்க வேண்டும். மைனஸ் பக்க ஸ்பிரிங் இரண்டில் புதிதாக ஈயம் வைத்து மினுக்கியிருந்தார்கள். அதிலிருந்து போர்டுக்குப் போகும் கறுப்பு வயரின் நுனியைச் சுரண்டினால் உள்ளே செம்பு கறுத்துப்போய்க் கிடந்தது. போர்டின் ஒரு மூலையில் சிலிக்கன் பசையைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். நகத்தால் கிளப்பினேன், கீழே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. செக் பண்ணுவதற்குக் கடையில் கிடந்த ஏதோ பழைய அல்கலைன்களைப் போட்டிருக்கிறார்கள், கழற்றாமல் மாரி முழுக்கத் தட்டில் விட்டிருக்கிறார்கள், அது ஒழுகியிருக்கிறது. ஒழுகினது எனக்குப் பெரிய கோபமில்லை, எவருக்கும் நடக்கும். அதை மூடி மறைத்து, மேலே ஸ்டிக்கரும் ஒட்டி, சுத்தம் செய்ததாகக் காசும் வாங்கியதுதான் களவு. 'தம்பி, நீங்க கொண்டு வரக்குள்ளயே அப்படித்தான் இருந்தது' என்றார் முதலாளி. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். 'சரி, பற்றரிக் காசத் தாறன், மத்ததுக்கு மறுகா வாங்க பாப்பம்' என்றார். பற்றரிக் காசு வந்தது. அந்த 'மறுகா' இன்னும் வரவில்லை.

ஏன் ஒழுகுகிறது என்றால், அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் என்ற கடுங்காரம். பற்றரி இறங்கிய பிறகும் உள்ளே ஹைதரசன் வாயு சேர்ந்துகொண்டிருக்கும். அழுத்தம் கூடினால் மைனஸ் முனையில் உள்ள சீல் விட்டுவிடும். பலம் குறைந்ததையும் கூடியதையும் கலந்து போட்டால் இன்னும் மோசம். பலமுள்ளவை சேர்ந்து, செத்ததற்குள்ளும் கரண்டைத் தள்ளி அதன் பிளஸ் மைனஸையே தலைகீழாக்கிவிடும், முதலில் ஒழுகுவது அதுதான். ஓஃப் செய்துவிட்டோமே என்றும் இருக்க முடியாது. தானாக அணையும் மீட்டர்கள் அணைந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். வெளியே வந்த காரம் காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பொட்டாசியம் காபனேற்றாக மாறும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு. நம் வாவிக் கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம், போர்டில் கரண்ட் கசிய அதுவே வழி போட்டுக் கொடுக்கும். காலையில் ஒரு ரீடிங், வெயிலில் ஒரு ரீடிங் வந்ததன் காரணம் இதுதான். மெகரில் இப்படி வந்தால் நல்ல வயரைக் கெட்டது என்போம், நட்டம் காசோடு போகும். மல்டிமீட்டரில் இன்புட் தடம் அரித்து அறுந்துபோனால், 230 வோல்ட் உள்ள லைனில் பூச்சியம் காட்டலாம். அதை நம்பிக் கை வைப்பவரின் கதி என்ன?

ஆகவே திருத்தக் கொடுத்த சாமானை வாங்கும்போது, காசு கொடுக்க முன் அங்கேயே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பற்றரிகள் ஒரே பெயர், ஒரே திகதியா, எல்ஆர்6 தானா, மைனஸ் ஸ்பிரிங் சுத்தமா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். லீட்டைக் காற்றில் ஒருமுறை, ஒன்றோடொன்று முட்டவைத்து ஒருமுறை செக் பண்ணுங்கள். பையில் ஒரு 10 மெகாஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதையும் அளக்கலாம். கலிபரேஷன் செய்தோம் என்றால் தாளைக் கேளுங்கள். என்ன கொடுத்தார்கள், மீட்டர் என்ன காட்டியது, எந்தக் கருவியோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். வெறும் ஸ்டிக்கரை எவரும் அச்சடிக்கலாம்.

ஒழுகிய சாமான் ஏற்கெனவே கையில் இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு பழைய பல் துலக்கும் பிரஷால் வினாகிரி அல்லது தேசிக்காய்ப்புளி தொட்டுத் தேய்த்து, கார் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரால் துடைத்து, ஐசோபுரொபைல் அல்ககோல் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். கார்பன் சிங்க் ஒழுகியிருந்தால் புளி உதவாது, அது அமிலப் பக்கம். அதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீர். எப்போதாவது எடுக்கும் மீட்டருக்கு லித்தியம் பற்றரி (எஃப்ஆர்6) போட்டால் ஒழுகும் பயம் மிகக் குறைவு. விலை கூடத்தான், ஆனால் ஒரு போர்டின் விலையைப் பார்த்தால் ஒன்றுமில்லை.

நான் என் போர்டைக் கழுவிவிட்டேன், காற்றில் இப்போது சரியாகக் காட்டுகிறது. முறையான கலிபரேஷன் தாள் வரும்வரை அதை எந்த வீட்டிலும் வைக்கப் போவதில்லை. பில் கையில் உள்ளவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடித்து முறைப்பாடு செய்யலாம், நானும் செய்யப்போகிறேன். இப்போது எந்தத் திருத்தகத்திலாவது மீட்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், மழைக்கு முன் ஒருநடை போய் உள்ளே கிடக்கும் பற்றரியைக் கழற்றிவிட்டு வாருங்கள்.