கிரிபென்சிஸ் ‘பிரீடிங் செட்’: மீனை வாங்கலாம், ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வண்ணமீன் கடைகளில் ஜோடி சேர்ந்து குஞ்சு காக்கும் சிக்லிட் வகை மீன் வளர்க்கணும் என்று கேட்டால் எடுத்து வைக்கிற செட் ஏறக்குறைய ஒன்றுதான். 2 அடிக்கு 1 அடி தொட்டி (சுமார் 50 லிட்டர் பிடிக்கும்), மூடி, பவர் ஃபில்டர், ஒரு பை கலர் கல், கிரிபென்சிஸ் என்ற சிறிய சிக்லிட் ஒரு ஜோடி.

மீன் தேர்வில் குறை சொல்ல முடியாது. பார்க்க ராம் சிக்லிட் இன்னும் அழகுதான். ஆனால் அது ஓரினோகோ படுகையின் உப்பில்லாத மென்னீரில் பழகியது. நம்ம ஊர் போர் தண்ணீரில் முட்டை போட்டாலும் பெரும்பாலும் தேறாது. நைஜீரியா பக்கத்து கிரிபென்சிஸ் அவ்வளவு அடம் பிடிக்காது. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது) 500க்கு மேல் காட்டினால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றவே கூடாது.

ஜோடி என்று வலையில் அள்ளிக் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள், இரண்டும் ஆணாக இருக்கலாம். பெண் குட்டையாக, வயிறு உருண்டு, செர்ரிப் பழ நிறத் திட்டோடு இருக்கும். ஆண் நீளம், முதுகுத் துடுப்பின் பின்முனை கூராக நீண்டிருக்கும். ஐந்தாறு குட்டிகளாக வாங்கி, அவையே ஜோடி சேர விடுவது இன்னும் நல்லது.

செட்டின் மோசமான பகுதி அந்த பவர் ஃபில்டர். நீந்தத் தொடங்கிய குஞ்சுகளை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். அதைத் திருப்பிக் கொடுத்து, ஸ்பான்ஜ் ஃபில்டரும் ஏர் பம்பும் கேளுங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பான்ஜ் கிடைத்தால் இன்னும் லாபம்; நல்ல பாக்டீரியா அதிலேயே வந்துவிடும். கரண்ட் போனால் காப்பாற்ற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வேண்டும். மார்கழி, தை இரவுகளுக்கு 50 வாட் ஹீட்டர், 26 டிகிரியில்.

கலர் கல்லும் வேண்டாம். இடுக்கில் தீனி அழுகும், இந்த மீனோ தோண்டிக்கொண்டே இருக்கும். அலசிய மெல்லிய ஆற்று மணல் போதும். கல் வைக்க ஆசையா, கிருஷ்ணகிரி கிரானைட் துண்டு தண்ணீரின் தன்மையை மாற்றாது. கூர் விளிம்பை மட்டும் தேய்த்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிற கல் எதுவும் ஆகாது.

செட்டில் இல்லாத முக்கியப் பொருள் குகை. கொட்டாங்குச்சியை அரைமணி நேரம் கொதிக்கவைத்து, விளிம்பில் 4 செ.மீ. வாசல் வெட்டிக் கவிழ்த்தால் முடிந்தது. வாசல் பெரிதானால் பெண் உள்ளே போகத் தயங்கும். முட்டை கூரையில் ஒட்டியிருக்கும். மூன்று நாளில் பொரியும், ஒரு வாரத்தில் குஞ்சு வெளியே வரும். பெண் உள்ளே காவல், ஆண் வெளியே. அந்த நேரம் கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்த்தால் முட்டையைத் தின்றுவிடும். முதல் ஈட்டை சும்மாவே தின்பதும் உண்டு, அதற்காக ஜோடியைப் பிரிக்க வேண்டாம்.

குஞ்சுத் தீனிக்கு ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் இறால் போன்ற நுண்ணுயிர்; பாக்கெட்டில் முட்டையாகக் கிடைக்கும். பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்: ஓடு நீக்கிக் காயவைத்தது பொரியாது, நேரடித் தீனி மட்டுமே. பொரிப்பதற்கான முட்டை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, இடைவிடாத காற்று. 24 முதல் 36 மணி நேரம். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, தினம் மூன்று வேளை கொஞ்சமாகக் கொடுக்கவும்.

அமிலத் தண்ணீரில் வளரும் ஈட்டில் ஆண்கள் அதிகம் வரும், பிஎச் 7 ஒட்டி இருக்கட்டும். ஒரே பாலாக வந்தால் கடைக்காரர் குட்டிகளைத் திருப்பி எடுக்க மாட்டார், செட் வாங்கும்போதே அதையும் பேசிக்கொள்ளுங்கள்.