முடித்த செயலிக்குப் பரிசா, முடியாத செயலிக்குப் பரிசா: இரண்டு போட்டிகளின் மதிப்பீடு

கைபேசிச் செயலி உருவாக்குவோருக்கான போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டதும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பரிசுத்தொகையைத்தான். ஆனால் இரண்டு மூன்று பேர் கொண்ட ஒரு குழு, வேலை முடிந்து வீடு திரும்பிய பின் கிடைக்கும் இரவுகளையும் விடுமுறை நாட்களையும் கொடுத்துத்தான் இத்தகைய போட்டியில் நுழைகிறது. எனவே ஒரு கடையையோ சேவையையோ எடை போடுவதுபோல, கொடுத்ததற்கு ஈடாக என்ன கிடைக்கிறது, பரிசு பெறாதவர்களுக்கு ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பதே சரியான முறை. இந்த நோக்கில் கூகுள் நடத்திய ஆண்ட்ராய்டு டெவலப்பர் சேலஞ்ச் போட்டியையும், இந்திய அரசு 2020-இல் நடத்திய ஆத்மநிர்பர் பாரத் ஆப் இன்னோவேஷன் சேலஞ்ச் போட்டியையும் இங்கே மதிப்பிடுகிறேன். முன்னது பழையதாயினும் அதன் அமைப்பு இன்றைக்கும் சிறந்தது என்பதும், பின்னது நல்ல நோக்கத்தோடு தொடங்கி, தான் உதவியிருக்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினரைக் கைவிட்டுவிட்டது என்பதும் என் முடிவு.

கூகுள் தன் போட்டியை 2007 நவம்பரில் அறிவித்தபோது சந்தையில் ஓர் ஆண்ட்ராய்டு கைபேசிகூட இல்லை. முதல் கைபேசியான டி-மொபைல் ஜி1 விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபரில்தான். ஆக, மொத்தம் 1 கோடி டாலர் பரிசு என்று அறிவிக்கப்பட்ட அந்தப் போட்டியில் பங்கேற்றவர்கள் அனைவரும் கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க முடியாத ஒரு கருவிக்காகவே நிரல் எழுதினார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் கணினித் திரையில் கைபேசிபோல இயங்கிய எமுலேட்டர் ஒன்றுதான். அதற்கு உண்மையான ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்காது. சிக்னல் குறைந்து பேச்சு அறுந்து போவதில்லை. பாக்கெட்டில் கிடந்து பேட்டரி தீர்வதுமில்லை. ஒருவர் நகரத்தில் நடந்து செல்வதாக வைத்துக்கொண்டு, அவர் கடக்கும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாங்களே புகுத்தித்தான் செயலியைச் சோதித்தார்கள். இவ்வளவு தடைகளையும் மீறி 1,788 செயலிகள் வந்து சேர்ந்தன.

இந்தப் போட்டியின் உண்மையான சிறப்பு பரிசைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. 1 கோடி டாலரில் பாதியை முதல் போட்டிக்கென ஒதுக்கி, அதையும் இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். 2008 மே மாதத்தில் 50 செயலிகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 25,000 டாலர் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய். அந்தத் தொகையைக் கொண்டு செயலியை மேம்படுத்தி மீண்டும் சமர்ப்பிக்கச் செய்து, ஆகஸ்டில் 10 செயலிகளுக்குத் தலா 2,75,000 டாலரும் வேறு 10 செயலிகளுக்குத் தலா 1,00,000 டாலரும் வழங்கினார்கள். இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்காத 30 குழுக்களும் வெறுங்கையோடு போகவில்லை. பணம் வேலைக்கு நடுவிலேயே கைக்கு வந்தது. அலுவலகத்தில் சில மாதம் விடுப்பு எடுக்கவும், வரைகலை தெரிந்த ஒருவரை அமர்த்தவும், வாடகை கொடுக்கவும் அது பயன்பட்டிருக்கும். போட்டி நடத்துவோர் எவரும் இந்த ஏற்பாட்டைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

தேர்வான செயலிகளின் தரமும் இதற்குச் சான்று. லொகேல் என்ற செயலியை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கினார்கள். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைபேசியின் மணியொலி தானாக அடங்கி, வீட்டுக்கு வந்ததும் தானாகத் திரும்பும். இன்று எல்லாக் கைபேசிகளிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும் இந்த வசதியை, கைபேசியே வராத காலத்தில் யோசித்திருக்கிறார்கள். கோகார்ட் செயலி பொருளின் பார்கோடைக் கேமராவால் படித்து, அருகிலுள்ள கடைகளிலும் இணையத்திலும் அதன் விலையைக் காட்டியது. பின்னர் அது ஷாப்சேவி என்ற பெயரில் தொடர்ந்தது. அதே வேலையைச் செய்த கம்பேர்எவ்ரிவேர் செயலியைத் தனியாளாக எழுதியவர் பிற்பாடு கூகுளின் ஆண்ட்ராய்டு குழுவிலேயே சேர்ந்தார். குடும்பத்தினர் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் லைஃப்360 செயலி, அந்த 2,75,000 டாலரை முதலாகக் கொண்டு வளர்ந்து, 2019-இல் ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையிலும் 2024-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கிலும் பட்டியலிடப்பட்ட நிறுவனமாகிவிட்டது. வென்ற எல்லாச் செயலிகளும் இப்படி நிலைக்கவில்லை. பாடல் வரிகளைக் காட்டிய டியூன்விக்கி சில ஆண்டுகள் நன்றாக ஓடி 2013-இல் மூடப்பட்டது. புதுமைக்குப் பரிசு கொடுத்தால் சில கைகூடும், சில கைகூடா. அதைப் போட்டியின் குறையாக நான் எண்ணவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. முதல் கட்டத்தில் தேர்வான 50 குழுக்களுக்கு மட்டும் ஆண்ட்ராய்டின் புதிய எஸ்டிகே (செயலி எழுத உதவும் மென்பொருள் கருவித் தொகுப்பு) பதிப்புகளைக் கூகுள் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மார்ச்சில் வெளிவந்த பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, பிழைகள் எப்போது திருத்தப்படும் என்று காத்திருந்தார்கள். ஜூலையில் இந்தச் செய்தி கசிந்ததும் உருவாக்குநர்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது, ஆகஸ்டில்தான் 0.9 பதிப்பு எல்லோருக்கும் கிடைத்தது. பணத்தில் முன்னுரிமை கொடுப்பது போட்டியின் இயல்பு. கருவியிலேயே முன்னுரிமை கொடுத்தது, தோற்ற 1,738 பேரின் நம்பிக்கையைக் கெடுத்த செயல். அவர்கள்தான் ஆண்ட்ராய்டின் முதல் ஊழியர்கள், அதுவும் சம்பளமில்லாத ஊழியர்கள் என்பதை அந்த நிறுவனம் அப்போது உணர்ந்ததாகத் தெரியவில்லை. 2009-இல் நடந்த இரண்டாம் போட்டியில், முதல் சுற்றில் மதிப்பெண் போடும் பொறுப்பைக் கைபேசி வைத்திருந்த சாதாரணப் பயனர்களிடமே விட்டது நல்ல திருத்தம்.

இனி இந்தியப் போட்டிக்கு வருவோம். 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதே வாரத்திலேயே, ஜூலை 4 அன்று, மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கமும் இணைந்து நடத்தும் இந்தப் போட்டியைப் பிரதமர் அறிவித்தார். அலுவலகப் பயன்பாடு, சமூக ஊடகம், மின்வழிக் கல்வி, பொழுதுபோக்கு, உடல்நலம், வணிகம், செய்தி, விளையாட்டு என எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 20 லட்சம், 15 லட்சம், 10 லட்சம் ரூபாய் என மூன்று பரிசுகள். முதலில் ஜூலை 18 வரை இருந்த கெடு 26 வரை நீட்டிக்கப்பட்டது. முடிவு ஆகஸ்ட் 7 அன்று வெளியானது.

வந்து குவிந்தவை 6,940 விண்ணப்பங்கள். கெடு முடிந்ததற்கும் முடிவு வெளியானதற்கும் இடையே இருந்தவை 12 நாட்கள். பயன்படுத்த எளிதா, உறுதியாக இயங்குகிறதா, பாதுகாப்பானதா, பெருந்திரளானோர் பயன்படுத்தினால் தாங்குமா என்ற அளவுகோல்கள் அறிவிக்கப்பட்டிருந்தன; அவை நல்ல அளவுகோல்களே. ஆனால் ஒரு செயலியின் பாதுகாப்பைச் சோதிக்க அது கேட்கும் அனுமதிகளைப் பார்க்க வேண்டும், தரவு எங்கே போகிறது என்று தொடர வேண்டும், பழைய கைபேசியிலும் மெதுவான இணைப்பிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுருக்கப்பட்டியலுக்கு மட்டும் இதைச் செய்தார்கள் என்று கொண்டாலும், அந்தச் சுருக்கப்பட்டியலை எட்டுவதற்கே 6,940 செயலிகளைச் சில நாட்களில் சலித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் ஏற்கெனவே பெயர் தெரிந்த செயலிகள்தான் முன்னுக்கு வரும், வந்தன.

வென்ற 24 செயலிகளில் தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தவை உண்டு. அலுவலகப் பிரிவிலும் வணிகப் பிரிவிலும் முதலிடம் பெற்றவை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் செயலிகள். விளையாட்டுப் பிரிவில் சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2 பரிசு பெற்றது. இவை தரமான ஆக்கங்கள் என்பதில் ஐயமில்லை. அந்தக் கிரிக்கெட் விளையாட்டைத் தமிழ்நாட்டுப் பேருந்துகளில் எத்தனையோ இளைஞர்கள் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஆயினும் 1996-இலிருந்து இயங்கும், உலகெங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட ஸோஹோ போன்ற நிறுவனத்துக்கு 20 லட்சம் ரூபாயால் என்ன மாற்றம் நேர்ந்துவிடும்? அதே தொகை, மதுரையிலோ ஈரோட்டிலோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நிரல் எழுதும் மூவருக்கு ஓராண்டுச் சம்பளம்.

இது என் கற்பனைக் கவலை என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி, அரசு வெளியிட்ட எண்களே இதைச் சொல்கின்றன. 6,940 விண்ணப்பங்களில் 3,939 தனிநபர்களிடமிருந்து வந்தவை, 3,001 நிறுவனங்களிடமிருந்து வந்தவை. தனிநபர்கள் அனுப்பியவற்றில் 2,182 செயலிகளும், நிறுவனங்கள் அனுப்பியவற்றில் 1,259 செயலிகளும் இன்னும் உருவாக்கத்தில் இருந்தன. கூட்டிப் பார்த்தால் 3,441 செயலிகள், அதாவது ஏறக்குறைய பாதி, முடிவடையாதவை. ஆனால் ரொக்கப் பரிசுக்கான முதல் தடம் (டிராக் 1), ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள செயலிகளை முன்னிறுத்துவதற்காகவே வகுக்கப்பட்டிருந்தது. புதிய எண்ணங்களை வளர்த்தெடுக்க இரண்டாவது தடம் ஒன்று திட்டத்தில் இருந்தது; ஊரறிய நடந்ததும் மேடையேறியதும் முதல் தடம்தான். சீனச் செயலிகள் போன இடத்தை உடனே நிரப்ப வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் புத்தாக்கம் என்று பெயர் வைத்துவிட்டு, புதிதாக உருவாகிக்கொண்டிருந்த பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தியது எனக்கு வருத்தம் தருகிறது.

போட்டி கொடுத்த மிகப்பெரிய நன்மை பணத்தைவிட விளம்பரம்தான். ஆகஸ்ட் 30-இல் ஒலிபரப்பான மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமர் குட்டுகி கிட்ஸ், கூ, சிங்காரி, ஸ்டெப்செட்கோ முதலிய செயலிகளைப் பெயர் சொல்லிப் பேசினார். எந்தத் தொடக்க நிறுவனமும் விலை கொடுத்து வாங்க முடியாத அறிமுகம் அது. ட்விட்டர் போன்ற சமூக ஊடகமான கூ செயலி அதன்பின் டைகர் குளோபல் போன்ற பெரிய முதலீட்டாளர்களை ஈர்த்தது. இந்திய மொழிகளில் எழுதுவதை மையமாக வைத்த அதன் எண்ணம் உயர்ந்தது. இருந்தும் வருவாய்க்கு வழி கண்டு நிலைபெற இயலாமல் 2024 ஜூலையில் மூடப்பட்டது. பொருத்தமான செயலிகளை அரசே பயன்படுத்தும், அரசு மின்சந்தையான ஜெம் தளத்தில் பட்டியலிடும் என்று போட்டி அறிவிப்பில் கூறப்பட்டிருந்தது. என் கணிப்பில் 20 லட்சத்தைவிட இந்த வாக்குறுதியே மதிப்பு மிக்கது. ஓர் அரசுத் துறை நிலையான வாடிக்கையாளராக அமைந்தால் சிறு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் பிழைக்கும். போட்டியின் முழு வலிமையும் அங்கே குவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பணமே கொடுக்காமலும் நல்ல போட்டி நடத்தலாம் என்பதற்கு, அதே ஆண்ட்ராய்டு டெவலப்பர் சேலஞ்ச் 2019-இல் மீண்டும் வந்தபோது கொண்ட வடிவம் எடுத்துக்காட்டு. கைபேசிக்குள்ளேயே இயங்கும் இயந்திரக் கற்றலை (தரவுகளிலிருந்து கணினி தானே கற்கும் முறை) பயன்படுத்தும் எண்ணங்களை அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கம் வரை அனுப்பச் சொன்னார்கள். செயலி முடிந்திருக்க வேண்டியதில்லை. தேர்வான 10 பேருக்குக் கூகுள் பொறியாளர்களின் வழிகாட்டல் கிடைத்தது. 2020 ஜூனில் வெளிவந்த அந்தப் பட்டியலில் இலையைப் படம் பிடித்தால் பயிர் நோயைக் கண்டறியும் கொச்சியின் அக்ரோடாக்கும், சைகை மொழி கற்பிக்கும் பெங்களூருவின் லீபியும் இருந்தன. இந்தியப் போட்டி அறிவிக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தது இது.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆப்பிளின் ஸ்விஃப்ட் ஸ்டூடண்ட் சேலஞ்ச். ஆப்பிள் கருவிகள் இல்லாமல் நுழைய முடியாது என்பது நம் ஊர் மாணவர்களுக்குப் பெரிய தடை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதன் விதி அருமையானது. நடுவர் மூன்று நிமிடத்துக்குள் பார்த்து முடிக்கக்கூடியதாகவும், இணைய இணைப்பு இல்லாமலே இயங்குவதாகவும் ஆக்கம் இருக்க வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று மாணவர் யோசித்தாக வேண்டும். எந்தப் போட்டியானாலும், விண்ணப்பிக்கும் முன் நிரலின் உரிமை யாருக்கு என்ற விதியை வரி விடாமல் படித்துவிடுவது அவசியம்; சிறிய அளவிலான போட்டிகளில் அந்த உரிமையை நடத்துபவரே எடுத்துக்கொள்ளும் விதிகளைக் கண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் விலகிவிடலாம்.

மத்திய அரசோ தமிழக அரசோ இத்தகைய போட்டியை மீண்டும் நடத்துமானால், ஒவ்வொரு பிரிவிலும் மூன்றாம் பரிசான 10 லட்சத்தை நான்காகப் பிரித்து, முடிவடையாத நான்கு செயலிகளுக்குத் தலா 2.5 லட்சம் முன்பணமாகக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து அவற்றைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கலாம். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.